ஓய்வுக்குப் பிறகு இருவராக ஒரே பைக்கில் வெளிநாடு: பின்சீட்டிலிருந்து தொடங்கும் செய்முறை

நெடுந்தூர பைக் பயணத்துக்கான குறிப்புகள் பெரும்பாலும் தனியாகக் கிளம்பும் இளைஞரை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. அறுபதைத் தாண்டிய இருவர் ஒரே வண்டியில் ஏறும்போது கணக்கே வேறு. எடை கூடுகிறது, ஒரு நாளில் போகும் தூரம் குறைகிறது, மருந்துப் பை பெரிதாகிறது. ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் உண்டு, எதிரே சாலையும் தெரியும். பின்னால் இருப்பவரோ பள்ளம் வருவது தெரியாமலே குலுக்கலை வாங்குகிறார். அதனால் எந்த முடிவையும் பின்சீட்டில் இருப்பவரின் முதுகையும் முழங்காலையும் கேட்டு எடுங்கள்.

படி 1: எடைக் கணக்கு

வண்டியின் கையேட்டிலோ சட்டகத்தில் ஒட்டிய தகட்டிலோ அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். டேங்க் நிரம்பிய வண்டியின் எடையை அதிலிருந்து கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. அனுமதி 450 கிலோ, வண்டி 250 கிலோ என்றால் மிச்சம் 200. ஓட்டுகிறவர் 78, பின்னால் இருப்பவர் 64. இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 18. ஆக 160 ஆயிற்று. இரண்டு அலுமினியப் பக்கப்பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் கம்பிச் சட்டமும் 17. எஞ்சின் கார்டு 5. கையில் நிற்பது 18 கிலோ. துணி, கருவிகள், மருந்து, தண்ணீர், மழைக்கோட்டு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கூடாரமும் அடுப்பும் வேண்டாம், அறை எடுத்துத் தங்குங்கள். பெட்டிகளுக்குப் பதில் துணிப்பைகள் மாட்டினால் சில கிலோ திரும்பக் கிடைக்கும்.

இருவருக்கு என்றால் பெரிய எஞ்சின்தான் தோது என்று சொல்பவர்கள் நிறைய. சிசி கூடினால் சுமை தாங்கும் அளவும் அதே விகிதத்தில் கூடும் என்பதில்லை. வண்டியின் சொந்த எடைதான் முதலில் கூடும். மேலே சொன்ன கழித்தலைப் போட்டுப் பாருங்கள். பின்சீட்டில் ஆள் அமர்ந்திருக்கும்போது ஓட்டுகிறவரின் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிகின்றனவா என்றும் பாருங்கள். பதியாவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

சீட்டுக்குப் பின்னால் மாட்டும் டாப் பாக்ஸ் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதில் கனத்தை வைத்தால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் வண்டி அலையும். பல பெட்டிகளுக்கு வரம்பே 5 கிலோதான். கனமான கருவிகளைப் பக்கப்பெட்டியின் அடியில், முன்பக்கம் தள்ளி வையுங்கள்.

படி 2: சஸ்பென்ஷனை இருவருக்காக அமைத்தல்

இதைச் செய்யாமல் கிளம்புகிறவர்களே அதிகம். அளக்க மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தொங்கும் நிலையில் அச்சின் நடுவிலிருந்து நேர்மேலே வால்பகுதியில் ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுச் சாமானோடு, பயண உடையில், இருவரும் ஏறி அமர்ந்ததும் அதே இடத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்த நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இருக்க வேண்டும். 200 மிமீ என்றால் 60 மிமீ. அதற்கு மேல் அமுங்கினால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, திருகிக் கூட்டுங்கள். முழுதாகத் திருகியும் அடங்கவில்லையா? ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெல்லியது. கனமான ஸ்பிரிங் மாற்றாமல் தீராது. ஹெட்லைட் வானத்தைப் பார்ப்பதும் வளைவில் ஸ்டாண்ட் தரையில் உரசுவதும் இதன் அடையாளங்கள்.

டயர் காற்று, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருக்கும் இருவருக்கான அளவு. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். செயின் தளர்வைத் தனி ஆளுக்குச் சரியாக வைத்துவிட்டு இருவர் ஏறினால், சஸ்பென்ஷன் அமுங்க அமுங்கச் செயின் முறுக்கேறும். எஞ்சினிலிருந்து வெளிவரும் தண்டின் பேரிங் அதில் கெடும். கையேட்டின் தளர்வு எல்லைக்குள் இறுக்கமான பக்கத்தைத் தவிர்த்துத் தளர்வான பக்கத்தில் வையுங்கள்.

படி 3: மூன்று நாள் ஒத்திகை

முழுச் சாமானோடு, தினமும் 250 கிலோமீட்டர், தொடர்ந்து மூன்று நாள். முதல் நாள் யாருக்கும் வலிக்காது. மூன்றாம் நாள் காலையில் பின்சீட்டுக்காரர் எப்படி ஏறுகிறார் என்பதே முடிவு. முழங்கால் மடங்கி வலித்தால் பின்சீட்டுக்காரர் கால் வைக்கும் ஃபுட்பெக்கைத் தாழ்த்தலாம், சீட்டை உயர்த்தலாம். இடுப்பு வலித்தால் முதுகுச் சாய்வு வேண்டும்.

ஏறி இறங்குவதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் இரு கால்களையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, "சரி" என்று சொன்ன பிறகே மற்றவர் ஏற வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. நின்றிருக்கும் வண்டி சாய்வது பெரும்பாலும் இந்தச் சொல் இல்லாத நேரத்தில்தான். ஹெல்மெட்டுகள் மோதிக்கொண்டே இருந்தால் முன் பிரேக் சட்டென்று பிடிக்கப்படுகிறது என்று அர்த்தம். ப்ளூடூத் இன்டர்காம் ஆடம்பரமல்ல. அதோடு இருவருக்கும் காதடைப்பான் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இரைச்சல் கேட்கும் திறனைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கும்.

படி 4: உடம்பும் மருந்தும்

மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் இருக்கட்டும்; வெளிநாட்டு மருந்தாளருக்கு மூலப் பெயர்தான் புரியும். எல்லா மாத்திரைகளையும் இரண்டாகப் பிரித்து இருவர் பையிலும் வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் சில வாரம் ஓடும். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். சாதாரண மாத்திரை என்று நாம் நினைப்பது வேறோர் இடத்தில் தடையாக இருக்கலாம்: சூடோஎபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரை ஜப்பானுக்குள் போகாது, கோடீன் கலந்த வலி மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும்.

வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர் ஜாக்கெட்டுக்குள் வியர்க்கும்போது தலைசுற்றி விழலாம். தாகத்துக்குக் காத்திராமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடியுங்கள். வெப்பநாளுக்கான மாத்திரை அளவைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மலைப்பாதைக்குத் தனி விதி. 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் ஓய்வு. மத்திய ஆசியாவின் பாமிர் நெடுஞ்சாலையில் இதனால் நிறையப் பேர் திணறுகிறார்கள். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் சுமார் 1,000 மீட்டரில் இருக்கிறது. தஜிகிஸ்தானின் காராகுல் ஏரி 3,900 மீட்டருக்கு மேல். சாலை நன்றாக இருக்கிறதே என்று ஒரே மூச்சில் ஏறிவிட்டால் இரவில் தலைவலியும் வாந்தியும் வரும். அப்போது மருந்து கீழே இறங்குவதுதான். அங்கிருந்து 4,655 மீட்டர் அக்பைட்டல் கணவாய் இன்னும் மேலே.

படி 5: காகிதங்கள்

சர்வதேச ஓட்டுநர் அனுமதி இரண்டு வகை. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது ஓராண்டு செல்லும். 1968 வியன்னா ஒப்பந்தப்படியானது மூன்றாண்டு வரை. ஜப்பான் முதல் வகையை மட்டுமே ஏற்கும். எதுவானாலும் 'ஏ' பிரிவில், அதாவது மோட்டார் சைக்கிளுக்கு, முத்திரை இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள்.

சுற்றுலாக் காப்பீட்டில் சிறிய எழுத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். எத்தனை சிசி வரை? 125 சிசியோடு நிறுத்தும் பாலிசிகள் உண்டு. பின்சீட்டில் இருப்பவருக்கும் பொருந்துமா? ஏற்கெனவே உள்ள நோய்களை எழுதிக் கொடுத்தீர்களா? மருத்துவ விமானத்தில் திரும்ப அழைத்துவரும் செலவு உண்டா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஈரான், பாகிஸ்தான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குச் சொந்த வண்டியை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோகக் கார்னே என்ற ஏடு உண்டு. ஓராண்டு செல்லும், வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கொடுத்துத்தான் வாங்க முடியும். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டுகள்: நுழையும்போது கிழிப்பது, வெளியேறும்போது கிழிப்பது, ஏட்டிலேயே தங்குவது. தங்கும் துண்டில் வெளியேறிய முத்திரை இல்லையென்றால் வண்டி அந்நாட்டிலேயே விற்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள்.

வண்டிக்கும் உங்களுக்கும் கெடு வேறுவேறாக இருக்கலாம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். வெளியாரின் வண்டிக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஆறு மாதம் தரும். வண்டியின் கெடுவைப் பார்த்து உங்கள் கெடுவை மறந்துவிடாதீர்கள். ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டுமென்றால், அந்த மாதத்தையும் இதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரியும் என்றால் இன்னொரு சிக்கல். அவர் நோயுற்று விமானத்தில் ஊர் திரும்பினால், அவர் பெயரில் நுழைந்த வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும். துணைவருக்கோ வேறு ஓட்டுநருக்கோ அதிகாரக் கடிதம் தர முடியுமா என்று கார்னே தரும் வாகன ஓட்டுநர் சங்கத்திடம் முன்பே கேளுங்கள்.

படி 6: வாடகையா, அனுப்புவதா

முதல் பயணம் வாடகை வண்டியில் போகட்டும். சொந்த வண்டியை விமானத்தில் அனுப்பினால், உண்மையான எடை, இடத்துக்கான எடை இரண்டில் பெரியதற்கே கட்டணம். நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 6,000ஆல் வகுப்பது வழக்கம். 220×90×120 செ.மீ. மரக்கூண்டு 396 கிலோவாகக் கணக்காகும். முன்சக்கரம், கண்ணாடிகள், காற்றுத் தடுப்பைக் கழற்றி 200×80×105 ஆக்கினால் 280. டேங்கைக் கூடியமட்டும் காலி செய்ய வேண்டும். கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக்கூடாது. பேட்டரி இணைப்பை எடுத்துவிடுவார்கள். கப்பலில் கட்டணம் குறைவாகத் தெரியும், ஆனால் இறங்கும் துறைமுகத்துச் செலவு அதை விழுங்கிவிடும். அந்தத் தொகையையும் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு என்றால் மட்கார்டின் அடியில் ஒட்டிய மண்கூட இருக்கக்கூடாது.

படி 7: எல்லையில்

வெளியேறும்போது முதலில் ஆளுக்கு, பிறகு வண்டிக்கு முத்திரை. சில இடங்களில் இது மாறும். அடுத்த பக்கம் குடிவரவு, சுங்கம், பிறகு உள்ளூர்க் காப்பீடு. கவுன்டரை விட்டு நகரும் முன் பாஸ்போர்ட் எண், பதிவு எண், சட்டக எண் மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். சட்டக எண்ணில் ஒரே ஓர் எழுத்து பிசகினால் வெளியேறும் எல்லையில் அரைநாள் போய்விடும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் வண்டியருகே இருக்கலாம். இருவராகப் போவதில் கிடைக்கும் மிகப் பெரிய வசதி இது.

படி 8: சாலையில்

நல்ல சாலையில் ஒரு நாளைக்கு 250 முதல் 300 கிலோமீட்டர் போதும். மண்சாலையில் அதில் பாதி. 80 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். நாலாம் நாள் ஓய்வு. இருட்டிய பின் ஓட்ட வேண்டாம்.

வண்டி சாய்ந்துவிட்டால் எஞ்சினை அணைத்து, பெட்டிகளை முதலில் கழற்றுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை நீட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வண்டி மறுபக்கம் போய் விழும். கியரில் போட்டு வையுங்கள். சீட்டுக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் பின்னோக்கி நடந்து தள்ளுங்கள். மற்றவர் எதிர்ப்பக்கத்திலிருந்து இழுக்கலாம். முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர் தொடவே வேண்டாம், வருகிற வண்டியை நிறுத்தி உதவி கேளுங்கள்.

படி 9: திரும்பியதும்

கார்னே எடுத்திருந்தால், வண்டி சொந்த நாட்டுக்குள் வந்ததும் அங்குள்ள சுங்கத்தில் கடைசி முத்திரை வாங்கி, ஏட்டைச் சங்கத்திடம் ஒப்படையுங்கள். வைப்புத்தொகை அதன் பிறகுதான் விடுவிக்கப்படும். ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.