பழைய ஆட்சியை வைத்து நையாண்டிப் படம்: நம் பக்கம் எடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

‘அந்தக் காலத்து ஆட்சி மாதிரி வருமா’ என்ற பேச்சு விழாத டீக்கடை தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிடையாது. இதை வைத்து ஒரு நையாண்டிப் படம் எடுக்கலாம் என்று தோன்றுவது நல்ல யோசனைதான். ஆனால் கதை எழுத உட்கார்ந்ததும் முதல் தவறு வந்து நிற்கும். பழசைப் பேசும் பெரியவரைக் கோமாளி ஆக்கிவிடுவோம்.

அவர் ஒன்றும் உளறவில்லை. கிருஷ்ணகிரி அணை காமராசர் ஆட்சியில் கட்டியது. அந்த வாய்க்கால் தண்ணீரில் நெல் அறுத்த குடும்பத்துக்கு அது கண் முன்னால் ஓடுகிற உண்மை. 1982இல் சத்துணவு வந்தபோது தட்டோடு பள்ளிக்கூடம் போனவர், எம்.ஜி.ஆர். பெயரைச் சொன்னால் நெகிழத்தான் செய்வார். அந்த நன்றியைக் கிண்டலடித்தால் படம் பார்க்கிற ஊர்க்காரர் பாதியில் எழுந்து போவார். போகட்டும், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சிரிக்க வேண்டியது அந்த நினைவை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களைப் பார்த்து. இப்படி யோசித்துப் பாருங்கள்: தலைவர் ஓட்டுக் கேட்டு வந்தபோது மோர் குடித்த சொம்பு என்று ஒரு வீட்டில் பித்தளைச் சொம்பு இருக்கிறது. அடுத்த தெருவிலும் ஒன்று. ஊராட்சித் தேர்தல் நெருங்க நெருங்கச் சொம்புகள் பெருகுகின்றன. கடைசியில் சந்தையில் வாங்கிய எவர்சில்வர் சொம்புக்குக்கூட மாலை விழுகிறது. முதல் சொம்பை வைத்திருந்த பாட்டி மட்டும் அதில் இன்னும் தண்ணீர் மொண்டு குடிக்கிறார். பாட்டியைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். மாலை போட்டவரைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். கதையில் இந்தக் கோடு தெளிவாக இருந்தால் மீதி வேலை சுலபம்.

அப்புறம், காலக்கணக்கு. 1957இல் நடக்கும் காட்சியில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்று பலகை மாட்டக் கூடாது. 1965 அக்டோபர் வரை இதெல்லாம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். பாத்திரத்தின் வயதையும் கூட்டிப் பாருங்கள். இன்று எழுபத்தைந்து வயதானவர் பள்ளியில் சாப்பிட்டது காமராசர் காலத்து மதிய உணவு. அவரைச் சத்துணவு பற்றி உருக விட்டால், சத்துணவே சாப்பிட்டு வளர்ந்த அவர் மகனே கண்டுபிடித்துவிடுவான்.

இதைவிடப் பெரிய தவறு, ஊர் முழுக்க ஒரே ஏக்கம் என்று நினைத்துக்கொள்வது. ‘அப்போல்லாம் ஊரே ஒரே குடும்பமா இருந்துச்சுப்பா’ என்று பெஞ்சில் உட்கார்ந்தவர் சொல்வார். அதே கடையில் தனி டம்ளரில் டீ வாங்கி, குடித்ததும் தானே கழுவிக் கவிழ்த்து வைத்த காலனிப் பெரியவர் அந்த வார்த்தையைச் சொல்வாரா? அவருக்கு வசனம் எழுத வேண்டாம். கையில் இருக்கும் கண்ணாடி கிளாஸை அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதைக் காட்டினால் போதும். இந்த ஷாட் இல்லாத படம் பெஞ்சில் உட்கார்ந்தவருடைய படமாகவே நின்றுவிடும்.

பெண்களின் நினைவும் வேறு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937இல், ராஜாஜி ஆட்சியில். அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கம். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். ‘கடை இல்லாத காலம்’ என்று ஒரு பாட்டி பெருமூச்சு விட்டால் அதில் கேலிக்கு இடமில்லை. அப்போதும் கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள் என்று அவரே அடுத்த வரியில் சொல்லட்டும். பெரியவர்கள் அதை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

இந்தப் பக்கத்து ஆட்களின் பல் கறையை வைத்து ஜோக் வேண்டவே வேண்டாம். நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு செய்த வேலை அது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். மதுரைப் பேச்சையோ கோவைப் பேச்சையோ இங்கே ஒட்டவும் வேண்டாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதை என்றால் தெலுங்கும் கன்னடமும் நடுவில் வந்து போவது இயல்பு.

கடைசியாக ஒன்று. படித்த பேரன் மேடையேறி, ‘பழசை விடுங்க, நாளையப் பாருங்க’ என்று பேசும் காட்சியை வெட்டிவிடுங்கள். நம்மிடம் கூத்து இருக்கிறது. அதில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் ராஜாவுக்கு அறிவுரை சொல்வதில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று, ‘ஐயா யாரு, எந்த ஊரு?’ என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்கிறான். ராஜா தன் பெருமையைத் தானே சொல்லச் சொல்ல ஊர் சிரிக்கிறது. சொம்புக்கு மாலை போட்டவரிடமும் அப்படி ஒருவர் போய், ‘தலைவர் எந்த வருசங்க வந்தாரு?’ என்று பணிவாகக் கேட்கட்டும். கேமராவை அவர் முகத்திலிருந்து நகர்த்தாதீர்கள்.