காற்றைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுங்கள்: ராமநாதபுரம் கரையில் மூன்று நாள் படகுப் பயணம்

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் வடகடல், தென்கடல் என்பார்கள். ஒன்று குமுறும்போது மற்றது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இதைப் பார்க்காமல் முதலில் அறையைப் பிடித்துவிட்டு, வந்தபின் "படகு ஓடாது" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. தென்கடல் முரடாக இருக்கும். அப்போது காரங்காடு, தேவிபட்டினம், அரியமான் என்று வடகரையிலேயே திட்டம் போடுங்கள். அக்டோபரில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, பிறந்தால் டிசம்பர் வரை வடகடல் ஆகாது, மழையும் சேர்ந்துகொள்ளும். பிப்ரவரியும் மார்ச்சும் இரண்டு கடலுக்கும் நல்லவை, தண்ணீரும் தெளிந்திருக்கும். மூன்று நாள் பயணத்துக்கு அந்த மாதங்களையே சொல்வோம்.

முந்தின நாள் மாலை மீன்பிடி இறங்குதளத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுத்தார்களா? கடல் சரியில்லை என்றால் மீன்வளத்துறை டோக்கனை நிறுத்திவிடும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தாலும் கரையோடு நின்றுவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் டோக்கன் பேச்சே இருக்காது. அப்போது நாட்டுப்படகுக்காரர்களிடம் காற்றை விசாரியுங்கள்.

முதல் நாள் காரங்காடு. தொண்டிக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகு விடுகிறார்கள். இங்கே காற்றைவிட ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது, முக்கியம். வடகடல் ஆழமில்லாதது, கொஞ்சம் வற்றினாலே வாய்க்காலில் படகு சேற்றில் தட்டும். தண்ணீர் ஏறும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்று வந்தவர் சொன்ன நேரம் இன்றைக்கு உதவாது. நேரத்தைக் கேட்டு, ஏற்றத்தில் உள்ளே போய் வற்றத் தொடங்கும்போது திரும்பினால் வேர்களும் தெரியும், பறவைகளும் இரைக்கு இறங்கும். சாப்பாட்டைப் படகில் ஏறும் முன்பே சொல்லிவையுங்கள். இறங்கிய பிறகு சொன்னால் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும்.

நண்டை நீங்களே வாங்கிச் சமைக்கக் கொடுப்பதானால், கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கேற்ற கனம் வேண்டும். அடிவயிற்று ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே சதை இல்லாமல் தண்ணீர்தான் இருக்கும். கணவாயை இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் ரப்பராகிவிடும். பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் வெந்தால்தான் மறுபடி மெதுவாகும்.

இரண்டாம் நாள் பாம்பன். குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகு குருசடைத் தீவுக்குப் போகிறது. விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய இடம் குந்துகால். அவருடைய நினைவு மண்டபத்தையும் பார்த்துவிடலாம். காலைப் படகையே பிடியுங்கள், வெயில் ஏறினால் காற்றும் ஏறும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. "நாங்கள் இறக்கிவிடுகிறோம்" என்று தனியார் படகில் யாராவது அழைத்தால் போகாதீர்கள்; அனுமதியில்லாமல் இறங்கினால் வழக்கு உங்கள் மேலும் வரும். பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள். மிதித்தால் பாறை செத்துப்போகும், உங்கள் காலும் கிழியும். அந்தக் காயம் லேசில் ஆறாது.

மதியத்துக்குப் பின் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை வரை காரிலேயே போகலாம். முனையில் குளிக்கவே கூடாது: இரு கடலின் நீரோட்டமும் சேரும் இடம், காலடி மணலையே அரித்துக்கொண்டு போகும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தைச் சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்று பாருங்கள். வண்டியைப் பாலம் முடிந்த இடத்தில் விடுங்கள்.

படகில் வாந்தி வருவதற்குக் காலைச் சாப்பாடும் ஒரு காரணம். புறப்பட ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி போதும். பூரி, பரோட்டா வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. படகின் நடுவில் உட்கார்ந்து தொடுவானைப் பாருங்கள். பின்பக்கம் டீசல் புகை குமட்டும், முன்பக்கம் தூக்கிப் போடும். தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, முழுக்கைச் சட்டை, ஆதார் அட்டை. உயிர்காப்புச் சட்டையை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் பெரிய அளவு, மாற்றிக் கேளுங்கள். குழந்தைகளுக்கு இந்தச் சோதனையை விடவே கூடாது.

ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிவிடும். முள் குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மூன்றாம் நாள் ஏர்வாடிப் பக்கம் பிச்சை மூப்பன் வலசை, மணல்திட்டுக்குப் படகு. மதியத்துக்குக் கீழக்கரை வந்துவிடுங்கள். தக்கடி (அரிசிமாவு உருண்டையும் கறியும் சேர்த்தது), நெய்ச்சோறு, வட்டலப்பம் (முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்பு) எல்லாம் பெரும்பாலும் வீட்டுச் சமையல்; அறிமுகமானவர் மூலம் முந்தின நாளே சொன்னால்தான் கிடைக்கும். கடையில் தொதல் என்ற அல்வா போன்ற இனிப்பை வாங்கலாம். நன்றாகக் கிண்டிய தொதல் எண்ணெய் கக்கிப் பளபளக்கும், கையில் ஒட்டாது.

ஊருக்கு வாங்கிப்போகும் பொருளில் பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதுவும் இருக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவரோடு, வைத்திருப்பவரும் குற்றவாளி.