மஞ்சள் ஸ்குவாஷ் கேசரோல்: அடியில் தண்ணீர் தேங்காமல், மேலே மொறுமொறுப்பாக

அமெரிக்கத் தென் மாநிலங்களில் கோடை முழுக்க மஞ்சள் ஸ்குவாஷ் என்ற பூசணி இனக் காய் காய்த்துக் குவியும். அந்தக் காயை வெங்காயத்தோடு வதக்கி, செடார் சீஸ், முட்டை, மயோனைஸ் சேர்த்து, மேலே வெண்ணெய் மணக்கும் கிராக்கர் பிஸ்கட்டை நொறுக்கித் தூவி ஓவனில் சுட்டெடுத்தால் ஸ்குவாஷ் கேசரோல். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு, தேவாலயத்தில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து பகிரும் விருந்து, நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, துக்க வீட்டுக்குச் சமைத்து எடுத்துப்போகும் உணவு என எல்லா இடத்திலும் இது இருக்கும். பொரித்த கோழிக்கும், ஹாம் என்ற பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சிக்கும் பக்கத்தில் வைக்கும் சைட் டிஷ் என்றாலும், முதலில் காலியாவது பெரும்பாலும் இந்தப் பாத்திரம்தான்.

செய்முறை எளிது. ஆனாலும் பலர் வீட்டில் இது கரண்டியில் அள்ளும்போதே நீர் விட்டு ஒழுகுகிறது. காரணம் ஒன்றே: இந்தக் காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். ஒரு கிலோ நறுக்கினால் 900 மில்லிக்கு மேல் தண்ணீர்தான் கையில் இருக்கிறது. அதை அடுப்பில் போக்காவிட்டால் ஓவனுக்குள் வெளியே வரும். முட்டையும் சீஸும் அதைத் தாங்கிப் பிடிக்காது. அதனால் இங்கே வதக்குவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

காய் தேர்வு

கழுத்து வளைந்த க்ரூக்நெக் வகைதான் தென் மாநிலத்தவர் தேடுவது. சதை சற்று கெட்டி, சுவை கூடுதல். நேரான கழுத்துள்ள மஞ்சள் ஸ்குவாஷும் சரியாக வரும். பாதிக்குப் பாதி சுக்கினி என்ற பச்சை ஸ்குவாஷ் கலக்கலாம். நிறம் மாறுமே தவிர பக்குவம் மாறாது. பட்டர்நட் போன்ற கெட்டித்தோல் வகைகள் வேண்டாம். அவை மாவுச்சத்து மிகுந்தவை. இதே அளவுகளில் செய்தால் களியாக முடியும்.

15 சென்டிமீட்டருக்குள் உள்ள இளங்காய் நல்லது. நகத்தால் அழுத்தினால் தோல் உடனே பதிய வேண்டும். தோல் சீவ வேண்டாம். கேசரோலுக்கு உருவம் தருவதே அதுதான். முற்றிய பெரிய காய்தான் கிடைத்தது என்றால் நீளவாக்கில் பிளந்து, விதையையும் பஞ்சுபோன்ற நடுப்பகுதியையும் கரண்டியால் சுரண்டி எறிந்துவிட்டு நறுக்குங்கள். தண்ணீரில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

நறுக்கும்போது ஒவ்வொரு காயிலிருந்தும் சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை முழுதாக எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. வேகவைத்தாலும் போகாது, வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும். கடையில் வாங்கும் காயில் இது அரிது. தானாக முளைத்த செடியிலும், சேமித்த விதையில் வளர்த்த செடியிலும் கவனம் தேவை.

8 பேருக்கு அளவு

மஞ்சள் ஸ்குவாஷ் – 1 கிலோ
இனிப்பு வெங்காயம் – பெரிதாக 1 (250 கிராம்)
வெண்ணெய் – வதக்க 30 கிராம், மேலே தூவ 45 கிராம்
பூண்டு – 2 பல்
முற்றிய செடார் சீஸ் – 170 கிராம்
மயோனைஸ் – அரை கப்
சவர் கிரீம் (புளிக்கவைத்த பாலாடை) – அரை கப்
முட்டை – 2
பட்டர் கிராக்கர் – 100 கிராம்
உப்பு – 1 டீஸ்பூன்
மிளகுத்தூள் – அரை டீஸ்பூன்
கேயன் மிளகாய்த்தூள் – கால் டீஸ்பூன்

பாத்திரம் 2 லிட்டர் கொள்ளளவு, 5 சென்டிமீட்டர் ஆழம். இதைவிட ஆழமான கிண்ணத்தில் செய்தால் ஓரம் வெந்து முடியும்போது நடு குழம்பாகவே இருக்கும்.

வெங்காயத்துக்குத் தென் மாநிலங்களில் பெயர்போனது ஜார்ஜியாவின் விடேலியா. அங்குள்ள மண்ணில் கந்தகம் குறைவு, அதனால் காரமும் குறைவு. குறிப்பிட்ட சில கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், விளைந்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று ஜார்ஜியா 1986-இல் சட்டமே போட்டது. கிடைக்காவிட்டால் சாதாரண மஞ்சள் வெங்காயத்தை எடுத்து ஐந்து நிமிடம் கூடுதலாக வதக்கினால் போதும்.

மயோனைஸில் டியூக்ஸ் பிராண்டுதான் வேண்டும் என்பதில் அங்கே பலர் பிடிவாதமாக இருப்பார்கள். தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் யூஜீனியா டியூக் 1917-இல் தொடங்கியது, சர்க்கரை சேர்க்காதது. பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. காயும் வெங்காயமும் ஏற்கெனவே இனிப்பு. சர்க்கரை சேர்ந்த மயோனைஸும் கூடினால் திகட்டிவிடும். கிராக்கருக்கு 1934-இல் வந்த ரிட்ஸ்தான் வழக்கம். வேறெந்த வெண்ணெய்ச் சுவைக் கிராக்கரும் ஆகும், ஆனால் உப்பில்லாத வறட்டு கிராக்கர் வேண்டாம்.

சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொடி தடவியிருப்பார்கள். உருகும்போது மழமழப்பாக வராமல் திப்பித்திப்பியாக நிற்கும்.

வதக்குவது

காயை 6 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். அகலமான பகுதியை அரைவட்டமாக, கழுத்தை முழுவட்டமாக. மெல்லியதாகச் சீவினால் வதங்கும்போதே கரைந்துவிடும். தடித்தால் வெளியே குழைந்து உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கும்.

30 சென்டிமீட்டர் அகல வாணலியில் 30 கிராம் வெண்ணெயை உருக்கி, நறுக்கிய வெங்காயத்தை மிதமான தீயில் எட்டு நிமிடம் வதக்குங்கள். கண்ணாடிபோல ஆனால் போதும், சிவக்க வேண்டாம். நசுக்கிய பூண்டை அரை நிமிடம் பிரட்டிவிட்டுக் காயையும் உப்பையும் போடுங்கள். உப்பை இங்கேயே முழுதும் போடுவதற்குக் காரணம் உண்டு: அதுதான் காயிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவரும். கடைசியில் போட்டால் அந்த வேலையைப் பேக்கிங் பாத்திரத்துக்குள் செய்யும்.

முதல் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். காய் தளர்ந்து வாணலியில் தண்ணீர் நிறையும். பிறகு மூடியை எடுத்துத் தீயைக் கூட்டி, 15 முதல் 20 நிமிடம் அவ்வப்போது மட்டும் கிளறிச் சுண்ட விடுங்கள். ஓயாமல் கிளறினால் காய் கூழாகும். வாணலி சிறியது என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். நெருக்கமாகக் கிடக்கும் காய் தன் நீராவியிலேயே வெந்துகொண்டிருக்கும், வற்றாது.

பதம் பார்க்க, வாணலி அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்குள் தண்ணீர் ஓடிவந்து நிரம்பினால் இன்னும் ஆகவில்லை. அடி தெரிந்தபடியே நின்றால் இறக்கலாம். அளவு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியிருக்கும்.

இறக்கியதை வடிகட்டியில் பத்து நிமிடம் பரப்பி வையுங்கள். அப்போதும் இரண்டு மூன்று ஸ்பூன் நீர் சொட்டும். கரண்டியின் பின்புறத்தால் மெதுவாக அழுத்தலாம், பிழிந்துவிடக் கூடாது. இந்த நேரத்தில் காய் ஆறுவதும் முக்கியம். சூடாக இருக்கையில் முட்டையில் சேர்த்தால் அங்கேயே திரிந்து வெள்ளை நூலாகும். கை வைத்துத் தொடக்கூடிய வெதுவெதுப்பு வந்தபின் கலக்குங்கள்.

தண்ணீரில் வேகவைத்து, வடித்து, மசித்துச் செய்வது பழைய முறை. சத்திரச் சாப்பாடுபோல நூறு பேருக்குச் செய்பவர்களுக்கு அது வசதி; வீட்டில் செய்வதற்குப் பரிந்துரைக்க மாட்டோம், ஏற்கெனவே நீர் நிறைந்த காய்க்கு மேலும் நீர் காட்டுகிறோம். இரண்டு மடங்கு அளவு செய்வதானால் வாணலியைவிட ஓவன் நல்லது: காயை உப்பும் சிறிது எண்ணெயும் பிரட்டி, இரண்டு தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 220 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம். ஓரங்கள் சிவந்து, தண்ணீர் தட்டிலேயே ஆவியாகிவிடும். வெங்காயத்தை மட்டும் தனியாக வதக்கிக்கொள்ளுங்கள்.

கலப்பதும் சுடுவதும்

ஓவனை 180 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 350 ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்குங்கள். பாத்திரத்தில் வெண்ணெய் தடவி வையுங்கள்.

முட்டையை அடித்து, மயோனைஸ், சவர் கிரீம், மிளகுத்தூள், கேயன் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். சீஸில் முக்கால் பங்கைப் போடுங்கள். கிராக்கரைக் கையால் ஒன்றிரண்டாக நொறுக்கி, மூன்றில் ஒரு பங்கையும் இதில் சேருங்கள். உள்ளே போகும் இந்தத் தூள் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். பிறகு ஆறிய காயைப் போட்டு மடித்துப் பிரட்டுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் மெதுவாக ஒரு கட்டியாக விழ வேண்டும். ஊற்றினால் ஓடும் பதத்தில் இருந்தால் இன்னும் இரண்டு டேபிள்ஸ்பூன் கிராக்கர்த் தூள் சேருங்கள்.

பாத்திரத்தில் பரப்பி, மீதி சீஸைத் தூவுங்கள். மீதிக் கிராக்கரை 45 கிராம் உருக்கிய வெண்ணெயில் எல்லாத் துண்டும் மினுங்கும்படி பிரட்டி, அழுத்தாமல் மேலே பரப்புங்கள். மாவாகப் பொடித்திருந்தால் ஈரம் ஏறிப் பசைபோல ஒட்டும், அதனால் சிறு துண்டுகளாகவே இருக்கட்டும். தூவியபின் காத்திருக்க விடாமல் உடனே ஓவனுக்குள் வையுங்கள்.

நடுத்தட்டில் 25 முதல் 30 நிமிடம். ஓரமெங்கும் குமிழியிட்டு, மேல்பகுதி பொன்னிறமாகி, பாத்திரத்தை லேசாக ஆட்டினால் நடு மட்டும் சற்றே அசைய வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி. 85-ஐத் தாண்டினால் முட்டை இறுகி, பிடித்துவைத்த நீரைக் கக்கிவிடும். எவ்வளவு கவனமாகச் சுண்ட வதக்கியிருந்தாலும் அடியில் குளம் கட்டும். மேல்பகுதி முன்னதாகவே சிவந்தால் அலுமினியத் தாளை மேலே தளர்வாக வையுங்கள். ஓரத்தை மடித்து மூடினால் நீராவி சேர்ந்து கிராக்கர் நமத்துப்போகும்.

எடுத்தபின் 15 நிமிடம் தொடாமல் வையுங்கள். உருகிய சீஸும் முட்டையும் அப்போதுதான் இறுகும்.

சரியாக வராதபோது

எண்ணெய் மிதந்தால் சீஸ் மிக அதிகம் முற்றியது, அல்லது அளவு கூடிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் பழுத்த செடாராக இருந்தால் பாதி இளம் செடார் கலந்துகொள்ளுங்கள். உப்பு தூக்கலாக இருந்தால் காரணம் பெரும்பாலும் காயில் போட்டது அல்ல. சீஸ், கிராக்கர், மயோனைஸ், வெண்ணெய் நான்கிலும் உப்பு இருக்கிறது. அதனால் உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள். சப்பென்றிருந்தால் உப்பைக் கூட்டாமல் ஒரு டீஸ்பூன் டிஜான் கடுகு விழுதையோ சில சொட்டு ஹாட் சாஸையோ முட்டைக் கலவையில் சேருங்கள்.

டின்னில் வரும் கெட்டி கிரீம் சூப் ஊற்றிச் செய்யும் வழக்கமும் பரவலானது. 298 கிராம் டின் ஒன்றை மயோனைஸுக்கும் சவர் கிரீமுக்கும் பதிலாகச் சேர்க்கலாம். தண்ணீர் கலக்கக் கூடாது, காயின் உப்பைப் பாதியாக்க வேண்டும். முட்டை வேண்டாம் என்பவர்கள் 30 கிராம் வெண்ணெயில் இரண்டு டேபிள்ஸ்பூன் மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, ஒரு கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கெட்டியாகக் காய்ச்சி, முட்டைக்கும் மயோனைஸுக்கும் பதிலாகச் சேர்க்கலாம். சவர் கிரீம் அதே அளவுதான். வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகாது, ஆனால் சுவை குறையாது.

முன்கூட்டியே செய்ய, மிச்சத்தை வைக்க

விருந்துக்கு முந்தின நாளே கலந்து பாத்திரத்தில் பரப்பி, மூடிக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். கிராக்கரை மட்டும் சுடும் நேரத்தில் தூவுங்கள். சில்லிட்ட கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான ஓவனுக்குள் நேராக வைத்தால் விரிசல் விடலாம், அதனால் அரைமணி நேரம் வெளியே வைத்திருந்து வையுங்கள். சுடும் நேரம் 10 நிமிடமாவது கூடும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். மைக்ரோவேவ் மேல்பகுதியை நனைத்துவிடும். 180 டிகிரி ஓவனில் 15 நிமிடம், நடுப்பகுதி 74 டிகிரி ஏறும்வரை சூடாக்கினால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். சுட்ட கேசரோலை உறையவைக்காதீர்கள். மயோனைஸும் சவர் கிரீமும் உறைந்து இளகும்போது பிரிந்து நீர்த்துப்போகும். கோடையில் காய் மிஞ்சினால் வதக்கிச் சுண்டவைத்த காயை மட்டும் ஒரு கேசரோலுக்கான அளவாகப் பைகளில் போட்டுத் தட்டையாக உறையவையுங்கள். நவம்பரில் எடுத்து இளக்கி, மறுபடி வடிகட்டியில் போட்டு நீரை அழுத்தி எடுத்துவிட்டு, முட்டைக் கலவையிலிருந்து தொடங்கலாம்.