எஸ்எம்யூவை எலக்ட்ரானிக் லோடாகப் பயன்படுத்துவது எப்படி?

சோர்ஸ் மெஷர் யூனிட், சுருக்கமாக எஸ்எம்யூ, வோல்டேஜையும் கரண்டையும் கொடுத்து அளக்கும் கருவி. இது கரண்ட் கொடுக்க மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் கரண்டை உள்ளே இழுக்கவும் செய்யும். அதனால் சின்ன பேட்டரிகளைச் சோதிக்க, எலக்ட்ரானிக் லோடு எனப்படும் கரண்ட் இழுக்கும் கருவி தனியாகத் தேவையில்லை. ஒரு லித்தியம் அயான் செல்லை 0.5 ஆம்பியரில் டிஸ்சார்ஜ் செய்து பார்ப்போம்.

1. கருவியின் வரம்பைப் பாருங்கள். கீத்லி நிறுவனத்தின் 2450 மாடல் என்றால் 20 வோல்ட் வரை 1 ஆம்பியர். அதற்கு மேல் 200 வோல்ட் வரை 100 மில்லியாம்பியர்தான். சில கருவிகளில் இழுக்கும் வரம்பு கொடுக்கும் வரம்பைவிடக் குறைவு. மேனுவலில் இரண்டையும் பாருங்கள்.

2. அவுட்புட் ஆஃப் நிலையை மாற்றுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் தவறவிடும் இடம் இது. பல எஸ்எம்யூக்களில் அவுட்புட்டை அணைத்தாலும் இணைப்பு துண்டிக்கப்படாது. கருவி 0 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பேட்டரியை மாட்டியதுமே அது மெல்ல வடியத் தொடங்கிவிடும். செட்டிங்கில் ஹை இம்பீடன்ஸ் (இணைப்பைத் துண்டித்தது போன்ற நிலை) என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே பேட்டரியைத் தொடுங்கள்.

3. நான்கு வயர்களில் இணையுங்கள். ஃபோர்ஸ் வயர்களில் கரண்ட் ஓடும், சென்ஸ் வயர்கள் வோல்டேஜை அளக்கும். ஃபோர்ஸ் ஹை, சென்ஸ் ஹை இரண்டும் பிளஸ் முனைக்கு. லோ இரண்டும் மைனஸுக்கு. அப்புறம் செட்டிங்கிலும் நான்கு வயர் சென்ஸை ஆன் செய்யுங்கள். இரண்டே வயரில் செய்தால், வயரின் மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம் என்றால்கூட 0.5 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட் வயரிலேயே போய்விடும். செல் உண்மையில் 3.05 வோல்ட்டில் இருக்கும்போதே கருவி 3 வோல்ட் என்று காட்டும்.

4. மோடைத் தேர்ந்தெடுங்கள். லோடு என்றதும் மைனஸ் 0.5 ஆம்பியர் கரண்ட் சோர்ஸ் வைக்கத் தோன்றும். பேட்டரிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செல் காலியானாலும் கருவி விடாமல் இழுக்கும். வோல்டேஜ் பூஜ்ஜியத்தைத் தாண்டி மைனஸ் பக்கம் போய் செல்லையே கெடுத்துவிடும்.

அதற்குப் பதிலாக வோல்டேஜ் சோர்ஸில் 3.0 வோல்ட் வையுங்கள், கரண்ட் லிமிட் 0.5 ஆம்பியர். செல்லின் டேட்டாஷீட்டில் வேறு கட்ஆஃப் (டிஸ்சார்ஜை நிறுத்த வேண்டிய வோல்டேஜ்) இருந்தால் அந்த எண்ணை வையுங்கள். செல் 3.0 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை கருவி லிமிட்டில் நின்று சீராக 0.5 ஆம்பியர் இழுக்கும். 3.0 தொட்டதும் கரண்ட் தானாகக் குறையும், அதற்குக் கீழே செல் இறங்காது.

5. அவுட்புட்டை ஆன் செய்யுங்கள். கரண்ட் மைனஸ் குறியோடு வந்தால் சரி, டிஸ்சார்ஜ் நடக்கிறது. பிளஸ் வந்தால் செல் ஏற்கெனவே 3 வோல்ட்டுக்குக் கீழே இருக்கிறது, கருவி அதைச் சார்ஜ் செய்கிறது, உடனே நிறுத்துங்கள். கரண்டையும் நேரத்தையும் பதிவு செய்துகொண்டே வாருங்கள். 0.5 ஆம்பியரில் 4 மணி நேரம் ஓடினால் கொள்ளளவு 2000 மில்லியாம்பியர் மணி.

மற்ற மோடுகள்: கான்ஸ்டன்ட் ரெசிஸ்டன்ஸில் வோல்டேஜ் குறையக் குறைய கரண்டும் குறையும். கான்ஸ்டன்ட் பவர் நேர்மாறு: 1 வாட்டுக்கு 4 வோல்ட்டில் 0.25 ஆம்பியர், 3 வோல்ட்டில் 0.33 ஆம்பியர். சுவிட்சிங் ரெகுலேட்டர் (வோல்டேஜை மாற்றித் தரும் சர்க்யூட்) வழியாக ஓடும் சாதனங்கள் பேட்டரியை இப்படித்தான் இழுக்கும் என்பதால் நிஜ பயன்பாட்டுக்கு இதுவே நெருக்கம். கருவியில் இந்த மோடுகள் இல்லையென்றால், வோல்டேஜை அளந்து கரண்ட் லிமிட்டை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

முடிந்ததும் முதலில் அவுட்புட்டை ஆஃப் செய்யுங்கள், பிறகு வயர்களைக் கழற்றுங்கள்.