அறிவியல் திருவிழா நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

குழந்தைகளுக்கான அறிவியல் திருவிழாவில் நடக்கும் பெரிய தவறு, அதை மேஜிக் ஷோ ஆக்கிவிடுவது. மேடையில் ஒருவர் புகையும் நுரையும் வரவழைப்பார், பிள்ளைகள் கை தட்டுவார்கள், அவ்வளவுதான். சோதனையைக் குழந்தையின் கையில் கொடுங்கள். தொடங்கும் முன் "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். பதில் தப்பாக இருந்தால் இன்னும் நல்லது. தான் சொன்னது நடக்காதபோதுதான் குழந்தை "ஏன்?" என்று கேட்கும்.

அந்த ஏனுக்குத் தவறான பதில் சொல்வது அடுத்த தவறு. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். தீ அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். "காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், அது தீர்ந்துபோன இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று பலரும் விளக்கம் சொல்கிறார்கள். அது சரியில்லை. கிட்டே போய்ப் பாருங்கள். சுடர் எரிகிற வரை தண்ணீர் பெரிதாக ஏறாது. அணையும் நேரத்தில்தான் மளமளவென்று ஏறும். சூட்டில் விரிந்திருந்த காற்று ஆறிச் சுருங்குவதே முக்கியக் காரணம். ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். இதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கலாம்: அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வையுங்கள். ஆக்சிஜன் கூடவில்லை, ஆனால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். அப்புறம் அவர்களிடமே காரணம் கேளுங்கள்.

கையில் கொடுக்கிறோம் என்பதற்காக எதையும் கொடுத்துவிட முடியாது. உலர்பனி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு) மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிர்; வெறும் கையில் பட்டால் தோல் புண்ணாகும். அதைப் பாட்டிலில் போட்டு மூடினால் வாயு அழுத்தத்தில் வெடிக்கும். காற்றோட்டமான இடத்தில் பெரியவர் ஒருவர் மட்டும் கையாளட்டும். பட்டன் பேட்டரியும் சின்னச் சின்ன வலுவான காந்தமும் மேசையில் வேண்டவே வேண்டாம். அக்காவோடு வந்த இரண்டு வயதுத் தம்பி விழுங்கிவிடலாம். பேட்டரி சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், இரண்டு காந்தங்கள் குடலை இடையில் வைத்து நசுக்கிவிடும். சூரியனைக் காட்டுவதாக இருந்தால், அதற்கென்றே செய்த வடிகட்டி தொலைநோக்கியின் முன்பக்கம் இருக்க வேண்டும். கூலிங் கிளாஸ் கண்ணைக் காக்காது.

குடிநீர், நிழல், கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகை, தன்னார்வலர்களை மாற்றிவிட ஆள்: இவற்றைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. குழந்தை தடுமாறும்போது பொருளைப் பிடுங்கி நீங்களே செய்து முடிக்காதீர்கள். எல்லா மேசையையும் பார்த்தாக வேண்டும் என்று இழுத்துக்கொண்டும் ஓடாதீர்கள். ஒரே மேசையில் அரை மணி நேரம் நிற்கிறாளா, நிற்கட்டும். அமைப்பாளர்கள் ஒவ்வொரு மேசையிலும் கூடுதலாக ஒரு செட் பொருள் வைத்திருந்தால், பின்னால் வரிசையில் இருப்பவர்களும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.