கொழுந்து பறிக்கும் கைகளுக்கு ஒரு கிளிசரின் ஜெல்

தை மாதத்து நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடும். அந்தக் குளிரிலும் என் அம்மா கொழுந்து பறிக்கப் போவார். கறை ஏறிய அவருடைய விரல் நுனிகளில் தோல் வறண்டு, சேலையின் நூல் சிக்கிக்கொள்ளும். தனிக் கிளிசரின் பிசுபிசுக்கிறது என்று தடவ மறுத்தார். அவருக்காகத்தான் இந்த ஜெல்லைச் செய்யக் கற்றுக்கொண்டேன்.

இதைக் கெட்டியாக்குவது கார்போமர் 940 என்னும் வெண்பொடி. அக்ரிலிக் அமிலச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிய செயற்கைப் பல்பகுதியம் (பாலிமர்) அது. 100 கிராம் ஜெல்லுக்கு அரை கிராம் போதும் என்பதால், நகைக்கடைத் தராசு போல நுணுக்கமாக நிறுக்கும் தராசு கட்டாயம் வேண்டும்.

காய்ச்சி வடித்த நீர் 93 கிராம் எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பொடி பஞ்சுபோல் பறக்கும். அதை நீரின்மேல் பரவலாகத் தூவிவிட்டு, கலக்காமல் விடுங்கள். அவசரப்பட்டுக் கிளறினால் வெளியே வழவழப்பாகவும் உள்ளே உலர்ந்தும் கட்டிகள் உருண்டுவிடும். பிறகு கரைப்பது பெரும்பாடு. நான் இரவில் தூவி, மூடிவைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். காலையில் பொடி முழுதும் நனைந்து இறங்கியிருக்கும்.

அதில் கிளிசரின் 5 கிராம், பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பினாக்சிஎத்தனால் 0.8 கிராம் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். இப்போதும் கலவை கலங்கலாக, நீர்த்துத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம்.

இனி ட்ரைஎத்தனோலமைன் என்னும் காரத் திரவம். 0.7 கிராம் அளந்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமிலம் நடுநிலையாகும்போது சங்கிலிகளில் எதிர்மின்னேற்றம் ஏறுகிறது. ஒன்றையொன்று தள்ளி, சுருண்டிருந்தவை விரிந்து நீரைப் பிடித்துக்கொள்கின்றன. கரண்டி கனப்பதைக் கையே உணரும். கலங்கல் தெளிந்து கண்ணாடியாகும். அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 6 முதல் 6.5 காட்டினால் நிறுத்திவிடுங்கள், மிச்சமிருந்தாலும் ஊற்ற வேண்டாம். வேகமாக அடிக்கவும் கூடாது: இந்த ஜெல் எண்ணெய்த் துளியையே மிதக்கவைத்துத் தாங்கக்கூடியது, காற்றுக்குமிழியையும் விடாது.

முதல் முறை நல்லதென்று நினைத்துக் கற்றாழைச் சாற்றைச் சேர்த்தேன். ஜெல் கஞ்சித்தண்ணீராகிவிட்டது. காரணம் உப்பு. ஒரு கரண்டி ஜெல்லின்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள். உப்பு விழுந்த இடம் கண்முன்னே நீராகிக் குழியும். உப்பின் அயன்கள் மின்னேற்றத்தை மறைத்துவிட, சங்கிலிகள் மறுபடி சுருண்டுகொள்கின்றன. வியர்வையின் உப்பும் இதைத்தான் செய்கிறது. தோலில் பட்டதும் ஜெல் இளகிப் பரவுவது அதனால்தான்.

வெயில் பட்டாலும் நீர்த்துவிடும். அடர்நிறப் போத்தலில் நிரப்பி, காம்பிராவின் (லயத்து அறையின்) நிழலான மூலையில் வையுங்கள். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். இரத்தம் கசியும் வெடிப்பில் தடவவே கூடாது. அம்மா இரவில் கையை நன்றாகக் கழுவி, ஈரம் முழுதும் உலருமுன் தடவுகிறார். அதன்மேல் உள்ளங்கைச் சூட்டில் உருக்கிய தேங்காய் எண்ணெய் ஒரு துளி.