ஜெர்மனியில் வீடு கிடைத்ததா? முதலில் தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தபால் பெட்டியில பேர் ஒட்டியாச்சா?" என்றுதான். இங்கே அடுக்குமாடி வீடுகளின் முகவரியில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. தெருப் பெயரும் கட்டட எண்ணும் மட்டுமே. பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லாவிட்டால் அது அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

வங்கி அட்டை, தனிக் கடிதத்தில் வரும் அதன் ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை என்று பலவும் தபாலில்தான் வரும். 11 இலக்க வரி எண்ணும் அப்படித்தான். அது கைக்கு வராமல், வேலை பார்க்கும் நிறுவனத்திடம் கொடுக்க முடியாமல் போனால், சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பின்படி மிக அதிகமாக வரி பிடித்தம் செய்யக்கூடும். பிறகு சரிசெய்யலாம்தான், ஆனால் வந்த புதிதில் கையில் காசு இருக்க வேண்டாமா!

நம்மவர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். அதிகாரபூர்வக் கடிதங்கள் அந்தப் பெயருக்குத்தான் வரும். அதனால் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயரையும் ஒட்டுங்கள். கணவன், மனைவி குடும்பப் பெயர்கள் வேறு என்றால் இரண்டையும் ஒட்டுங்கள். வேறொருவர் வீட்டில் தங்கினால், முகவரியில் அவர் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

குடியேறிய 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் போதாது, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். சாவி வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.